வெள்ளைத்துரை கண்மாய்

தாழம்பூ நகர், ஒத்தக்கடை
02.09.2024

திருமதி சுபலட்சுமி அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் பீர் முகமது. ஒத்தக்கடையிலிருந்து வடக்கே இரண்டு கிலோமீட்டர் உள்ளே, தாழம்பூ நகர் மனை எண் 17இல் தனியாகக் குடியிருக்கிறேன். உங்கள் பெயரில் பட்டா உள்ள கண்மாயின் கரை, என் வீட்டுக் கொல்லையிலிருந்து நூற்று நாற்பது எட்டு எடுத்துவைக்கிற தூரம். கிராம நிர்வாக அலுவலகத்தில் கேட்டு உங்கள் முகவரியை வாங்கினேன்.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் நேரக்காப்பாளராக இருந்தவன். பஸ் வருவதையும் போவதையும் எழுதிக்கொண்டே இருந்த கை இது. ஓய்வு பெற்ற பிறகு எழுத ஒன்றுமில்லை. அதனால் காலையில் நடக்கும்போது கண்ணில் படுவதை எழுதி வைக்கிறேன். ஆகவே கீழே உள்ளதை வெறும் பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகஸ்ட் 11: கரையின் வெளிப்புறம், அடிவாரத்தில், ஒரு தொழுகை விரிப்பு அளவுக்கு மண் ஈரமாக இருந்தது. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 19: அதே இடத்தில் கோரை முளைத்திருந்தது. ஆகஸ்ட் 30: காலை வைத்தால் புதைகிறது. காலை எடுத்ததும் அந்தத் தடத்தில் தண்ணீர் ஊறி நிற்கிறது. உள்ளே நிற்கும் தண்ணீர் கரைக்குள் வழி கண்டுபிடித்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

கரை மேல் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. மடைக்கதவு துருப்பிடித்து, திருகினால் அசையவில்லை. இரண்டு வருடமாக யாரும் அங்கே மண்வெட்டி போட்டு நான் பார்க்கவில்லை. இந்தக் கோடை மழையிலேயே கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. ஐப்பசி மழை இன்னும் வரவில்லை. கரைக்குக் கீழே இருபத்திமூன்று வீடுகள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மட்டும் முப்பத்தொரு பேர்.

ஒருமுறை வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கைபேசி எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பீர் முகமது

---

பசுமலை
14.09.2024

பீர் முகமது அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கொடுத்த எண்ணில் நான் பேசப்போவதில்லை. கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எதுவானாலும் எழுத்தில் இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

அந்தக் கண்மாயை என் கணவர் வெள்ளைத்துரை 1994இல் தன் சொந்த நிலத்தில், மலையடியிலிருந்து வரும் ஓடையை மறித்துக் கட்டினார். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட உடைந்ததில்லை. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கலுங்கு இருக்கிறது. கலுங்கு தாண்டிய தண்ணீர் பழைய ஓடையில் இறங்கிப் போகும். அந்த ஓடை இருந்த இடத்தில்தான் இப்போது உங்கள் தாழம்பூ நகர் இருக்கிறது. தண்ணீர் போகிற பாதையில் வீட்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் வந்துவிடுமே என்று எனக்கு எழுதுகிறீர்கள். மனையை விற்றவர்களிடம் போய்க் கேளுங்கள்.

என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. நான் அங்கே வருவதில்லை. இனி வருவதாகவும் இல்லை.

சுபலட்சுமி

---

தாழம்பூ நகர்
21.09.2024

சுபலட்சுமி அம்மா அவர்களுக்கு,

மனையை விற்றவர்களிடம் கேட்கச் சொன்னீர்கள். 2017இல் எழுதிய மூலப் பத்திரத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான்காம் பக்கத்தில் ‘ஓடை உட்பட’ என்று இருக்கிறது. கீழே விற்றவர்கள் இருவரின் கையெழுத்து. ஒன்று வெள்ளைத்துரை. மற்றது, எனக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் அடியில் இருக்கிற அதே கையெழுத்து. ‘சு’வின் சுழிகூட மாறவில்லை.

உங்களை மடக்குவதற்காக இதை எழுதவில்லை. எழுதும்போது கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. இப்போது திரும்பப் படிக்கையில் சங்கடமாக இருக்கிறது. வேறு தாளில் எழுதலாமா என்று யோசித்தேன். ஆனாலும் உண்மை அதுதான் என்பதால் விட்டுவிட்டேன்.

இரண்டு அலுவலகங்களுக்குப் போய்வந்தேன். ஓரிடத்தில், அது எங்கள் பட்டியலிலேயே இல்லாத கண்மாய் என்றார்கள். இன்னோரிடத்தில், தனியார் பட்டா, உரிமையாளர்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். இங்கே குடியிருப்பவர்களைக் கூட்டிப் பேசினேன். ஏழு பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டு செல்வக்குமார் நல்ல பையன்தான். அவரே என்னைத் தனியாக அழைத்து, “பாய், இத வெளிய பேசாதீங்க, மனை வெல எறங்கிரும்” என்றார்.

ஈரம் இப்போது இரண்டு இடத்தில். ஊறி வருகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறது. தெளிவாக வரும்வரை பரவாயில்லை, என்றைக்குக் கலங்கி வருகிறதோ அன்றைக்குக் கரையின் மண்ணும் சேர்ந்து வருகிறது என்று அர்த்தமாம். ஒத்தக்கடை டீக்கடையில் ஒரு பொதுப்பணித் துறைக்காரர் சொன்னார். தினமும் காலை ஆறே காலுக்குப் போய் ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இதற்குமேல் யாரிடம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பீர் முகமது

---

பசுமலை
03.10.2024

பீர் முகமது அவர்களுக்கு,

ஆம், அது என் கையெழுத்து.

பத்திர அலுவலகத்தில் அன்று நல்ல கூட்டம். “எங்க போடணும்?” என்று மட்டும் கேட்டேன். அவர் விரல் வைத்துக் காட்டினார். போட்டேன். முப்பத்தி நான்கு வருடம் ஒவ்வொரு கோப்பையும் வரிவரியாகப் படித்துவிட்டு ஒப்பமிட்டவள், படிக்காமல் போட்ட ஒரே கையெழுத்து அது. அவர் எதிரில் இருந்து சீக்கிரம் எழுந்து போய்விட வேண்டும் என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு நினைப்பில்லை.

உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சொல்லாவிட்டால் மற்றதும் விளங்காது. எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. அவருக்கு ஊருக்குள் இருப்புக் கொள்ளவில்லை. எனக்குக் காட்டில் முடியவில்லை. 2009இல் கண்மாய்க்குப் போனவர் அங்கேயே கொட்டகை போட்டுத் தங்கிவிட்டார். நான் போய்க் கூப்பிடவில்லை. அவரும் வந்து கேட்கவில்லை. பதின்மூன்று வருடம் அப்படியே போயிற்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் யாராவது இழுத்துக் கட்டியிருப்பார்கள். 2022 நவம்பரில் கரை மேலேயே விழுந்து இறந்துபோனார். மறுநாள் காலையில் ஆடு மேய்க்கிற காளை என்பவர் பார்த்துத்தான் எனக்குத் தகவல் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வந்திருந்தேன். உங்கள் வீடு பூட்டியிருந்தது. பாலிடெக்னிக்கில் கட்டடவியல் சொல்லிக்கொடுக்கும் சூரியபிரகாஷ் என்பவரை அழைத்துவந்தேன். என்னுடன் வேலை பார்த்தவரின் மகன். நீங்கள் எழுதியது அத்தனையும் சரி என்றார். எழுதாத ஒன்றையும் காட்டினார். கலுங்கின் மேல் இரண்டடி உயரத்துக்குப் பிற்பாடு யாரோ கல் வைத்துச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். அதனால் தண்ணீர் வழிய வேண்டிய மட்டத்தில் வழியாமல், கரையின் உச்சிக்கு ஒன்றரை அடி கீழே வரைக்கும் ஏறி நிற்கும். மண் கரை மேல் தண்ணீர் ஒருமுறை புரண்டு விழுந்தால் ஒரு மணி நேரம் தாங்காதாம்.

விற்றுத் தீர்ந்த நிலத்துக்கு இரண்டடித் தண்ணீர் கூடுதலாக எதற்கு? அவருக்குத் தண்ணீர் மேல் அப்படி ஓர் ஆசை. மனுசர் மேல் இல்லாத ஆசை.

அந்தக் கல்லை எடுத்து, கலுங்கை இன்னும் ஓரடி தாழ்த்த வேண்டும் என்கிறார் சூரியபிரகாஷ். ஆனால் வெளியேறுகிற தண்ணீருக்குப் பாதை வேண்டும். பழைய ஓடைத் தடத்தில் கயிறு பிடித்துப் பார்த்தார். மூன்று மனைகள் காலியாக இருக்கின்றன. இரண்டு சுற்றுச்சுவர்களை உடைக்க வேண்டும். அதற்கடுத்து உங்கள் வீட்டின் பின்னறை நேர் குறுக்கே நிற்கிறது. அதை விட்டுவிட்டுக் கலுங்கை வெட்டினால், தண்ணீர் அதில் முட்டித் திரும்பி எல்லா வீட்டுக்குள்ளும் போகும்.

உங்கள் முடிவை எழுதவும்.

சுபலட்சுமி

---

தாழம்பூ நகர்
08.10.2024

அம்மா,

அந்த அறையை எடுக்க முடியாது.

என் மனைவி சாதிகா 2020இல் தவறிப்போனாள். அப்போது வந்திருந்த மகள் ஆஷிகா, “ஒத்தையில இருக்காதீங்கத்தா, நான் மதுரைக்கே வந்துர்றேன்” என்றாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றாள். அவளுக்காகத்தான் நகருக்குள் இருந்த வீட்டை விட்டு இங்கே மனை வாங்கிக் கட்டினேன். பின்னறை அவளுக்கும் பேரப்பிள்ளைக்கும். அவள் வேலை பார்க்க ஜன்னலோரம் மேஜை. மெத்தைக்குப் போட்டுவந்த பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் கழற்றவில்லை. புதுசு புதுசாகவே இருக்கட்டும் என்று.

முதலில் வேலை மாறிற்று. பிறகு பிள்ளையின் பள்ளிக்கூடம். ஞாயிறு காலை பதினொன்றே காலுக்குப் பேசுவாள். ஒன்பது நிமிடம், சில வாரம் பத்து. வருவாள்.

மண் மூட்டை அடுக்கினால் போதாதா? கலுங்குத் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்ப முடியாதா? வேறு வழி இருந்தால் எழுதவும்.

பீர் முகமது

---

பசுமலை
16.10.2024

பீர் முகமது அவர்களுக்கு,

வேறு வழி இல்லை. இரண்டாம் முறையும் கேட்டுவிட்டேன். பக்கவாட்டில் மேடு. மேட்டில் தண்ணீர் ஏறாது.

மடையைத் திறந்தாவது கொஞ்சம் வடியவிடலாம் என்று வீரணன் என்கிற ஃபிட்டரை அனுப்பினேன். திருகுக் கம்பி இரண்டாக முறிந்துவிட்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் வந்த அன்று உங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்ததாம், நீங்கள் வெளியே வரவில்லையாம்.

இருபத்திமூன்று வீடு, முப்பத்தொரு பிள்ளைகள் என்று எனக்கு எழுதியது நீங்கள்தான். அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு வருடமாகக் கால் வைக்காத இடத்துக்கு வந்தேன். இப்போது நீங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள்.

உங்கள் மகள் வரமாட்டாள் என்று சொல்ல நான் யார்? என் வீட்டிலும் ஓர் அறை இருக்கிறது. பதின்மூன்று வருடம் அதில் ஒரு கட்டிலை விரித்தே வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் தலையணை உறை மாற்றுவேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

சுபலட்சுமி

---

பசுமலை
30.10.2024

பாய்,

என் கடைசிக் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. பத்தாம் நாள் நேரில் வந்துவிட்டீர்கள். அன்று நடந்ததை எழுத்தில் வைப்பது நல்லது. பின்னால் யாராவது கேட்பார்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

26ஆம் தேதி, சனிக்கிழமை. முதல் நாள் பகல் முழுக்கக் கொட்டிய மழை காலையில் தூறலாக இருந்தது. பத்து இருபதுக்கு வாசலில் ஒருவர் குடையில்லாமல் நனைந்துபோய் நிற்கிறார். கையில் கண்ணாடித் தம்ளர். அதைப் பார்த்துத்தான் உங்களை அடையாளம் தெரிந்துகொண்டேன். தம்ளரில் டீ போலத் தண்ணீர். “கலங்கி வருதும்மா” என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். உள்ளே வரச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆட்டோவிலிருந்தே சூரியபிரகாஷிடம் பேசினேன். ஜேசிபியையும் சொல்லிவிட்டு அவர் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். தண்ணீர் கரை உச்சிக்கு இரண்டடி கீழே நின்றது. கலங்கல் வருகிற இடத்தைச் சுற்றி அவர் ஜல்லியும் மணல் மூட்டையும் வைக்கச் சொன்னார். மனை விலை இறங்கிவிடும் என்ற செல்வக்குமார்தான் வீடு வீடாகப் போய் எல்லோரையும் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பினார். நடக்க முடியாத இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டே போனார். மதியம் ஒன்றரைக்குள் இருபத்திரண்டு வீடுகள் காலி.

ஜேசிபி ஓட்டுநர் எதை முதலில் எடுப்பது என்று கேட்டார். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

நீங்கள் பின்னறையைத் திறந்து உள்ளே போனீர்கள். நான்கு பேர் கட்டிலையும் மெத்தையையும் மேஜையையும் வெளியே எடுத்தார்கள். நீங்கள் கடைசியாக வந்தீர்கள். வருவதற்கு முன் ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டீர்கள். இடிக்கப்போகிற அறையின் ஜன்னலை எதற்குச் சாத்தினீர்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு, “ரெண்டு பக்கமும் எடுத்துருங்க தம்பி, தண்ணி நிக்காமப் போகட்டும்” என்றீர்கள்.

அறையும் அந்த இரண்டு சுற்றுச்சுவர்களும் போன பிறகு கலுங்கை அரையடி அரையடியாக வெட்டினார்கள். மூன்றே காலுக்கு முதல் தண்ணீர் உங்கள் வீட்டுப் பின்பக்கம் வழியாகப் போயிற்று. மறுநாள் மதியம் வரை போனது. இரண்டரை அடி இறங்கிற்று. ஞாயிறு மாலை மூன்று மணிக்கு நீங்கள் தம்ளரைத் தூக்கிக் காட்டினீர்கள். தண்ணீர் தெளிந்திருந்தது. ஒருவருக்கும் ஒரு காயமும் இல்லை. கரை நின்றது.

இவ்வளவுதான் நடந்தது. உங்களிடம் ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. அன்றைக்கு நீங்கள் சாப்பிட்டீர்களா?

சுபலட்சுமி

---

தாழம்பூ நகர்
04.11.2024

அம்மா,

சாப்பிட்டேன். மண்டபத்தில் எல்லோருக்கும் தக்காளிச் சோறு ஆக்கினார்கள்.

திருத்தம் ஒன்றுதான். நான் உங்கள் வாசலுக்கு வந்தது பத்து ஐந்துக்கு. பதினைந்து நிமிடம் மணியை அடிக்காமல் நின்றேன். ஜன்னலைச் சாத்தியது பழக்கத்தில். சாரல் அடித்தால் சாத்துவேன்.

ஆஷிகாவிடம் சொன்னேன். முதலில் யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டாள். பிறகு, “அந்த ரூம நான் ஒரு தடவகூட நேர்ல பாத்ததில்லேல்லத்தா” என்றாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு இருபத்திரண்டு நிமிடம் பேசினாள்.

உங்கள் வாசலில் பதினைந்து நிமிடம் நின்றதற்குக் காரணம் உண்டு. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் கணவர் ஆசையால் கலுங்கை உயர்த்தினார் என்று எழுதியிருந்தீர்கள். அது அப்படி இல்லை. 2021 நவம்பரில் நான் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். கலுங்கில் தண்ணீர் வழிந்து என் அஸ்திவாரத்துக்குள் வந்தது. இன்னும் நான்கு வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அவருடைய கொட்டகைக்குப் போனேன். பேசியது நான்தான். தண்ணீரை எங்கள் பக்கம் விடக்கூடாது, விட்டால் போலீசுக்குப் போவோம் என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. “நான் வித்தது தப்பு பாய். தண்ணிக்கு எடம் இல்லாமப் பண்ணிட்டேன்” என்றார். ஒரு வாரம் கழித்து, தனியாளாகச் சிமெண்டைக் குழைத்து அந்த இரண்டடியை வைத்தார். நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து அவர் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார். நண்டு வளை, எலி வளை எங்கே இருந்தாலும் களிமண் வைத்து மிதித்து அடைப்பார். கருவேலங்கன்று தலை காட்டினால் பிடுங்குவார். தண்ணீரின் பாரம் கூடிவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒருநாள் நான் மேலே ஏறிப் போனபோது, “நான் இல்லாட்டி இந்தக் கரைய யாரு பாப்பா?” என்று கேட்டார். நாங்களெல்லாம் இருக்கிறோமே என்று பேச்சுக்குச் சொல்லிவைத்தேன்.

இன்னும் ஒன்று. 2022 நவம்பரில் அவர் விழுந்து இறந்த அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரையில் நடக்கவில்லை. நான் கவனித்தேன். கவனிப்பதுதானே என் தொழில். ஐந்தே காலுக்குப் பார்த்தேன். ஐந்தரைக்குப் பார்த்தேன். கரை மேல் விழுந்து கிடப்பவரை என் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. உடம்புக்கு முடியாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நூற்று நாற்பது எட்டுதான். போயிருந்தால் ஒருவேளை ஆள் பிழைத்திருப்பார். பிழைக்காவிட்டாலும் தனியாகப் போயிருக்கமாட்டார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீங்கள் எனக்கு எழுத வேண்டாம் என்று நினைத்தால் எனக்குப் புரியும்.

பீர் முகமது

---

பசுமலை
12.12.2024

பாய்,

இதை எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. கோபத்தால் என்று நினைக்க வேண்டாம். முதல் வாரம் கோபம்தான்.

நான்காம் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அவர் கலுங்கை ஏன் உயர்த்தினார் என்று கேட்காமலே ஆசைக்காரர் என்று முடிவுகட்டினேன். நீங்கள் ஒருநாள் சாயங்காலம் போய்ப் பார்க்கவில்லை. நான் பதின்மூன்று வருடச் சாயங்காலங்கள் போய்ப் பார்க்கவில்லை. உங்களை மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை. அதனால் அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

கரையை என்ன செய்வது என்று யோசித்தேன். ஜல்லி, கல் எல்லாம் போட்டு முறையாகச் செப்பனிட்டால் தாழ்ந்த மட்டத்தில் இன்னும் பல வருடம் நிற்கும் என்றார் சூரியபிரகாஷ். ஆனால் யாராவது தினமும் நடந்து பார்க்க வேண்டும், அது மட்டும் விலக்கில்லை என்றார். சரி, நானே பார்க்கிறேன் என்று நவம்பர் 18இலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தேன். நீங்கள் மாடியிலிருந்து பார்த்திருப்பீர்கள். கூப்பிடாமல் இருந்ததற்கு நன்றி. பேசியிருந்தால் அழுதிருப்பேன். அவர் நடந்த மாதிரியே கோடிக்குக் கோடி நடந்தேன். வளைகளைத் தேடினேன். பன்னிரண்டாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. மருத்துவர் படியே ஏறக்கூடாது என்கிறார்.

எனக்கு அறுபத்தொன்று. உங்களுக்கு அறுபத்தேழு. நாம் இரண்டு பேரும் எத்தனை வருடம் பார்ப்போம்? அதற்குப் பிறகு யார்? பார்க்க ஆள் இல்லாத கரையை முப்பத்தொரு பிள்ளைகளின் தலைக்கு மேல் வைத்துவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. கரையை வெட்டிவிடப் போகிறேன். ஓடை பழையபடி ஓடட்டும்.

கண்மாயை நம்பி இன்னும் இரண்டு ஏக்கர் பயிர் செய்கிறவர் சோணைமுத்து ஒருவர்தான். என் கணவருக்குப் பங்காளி. கொட்டகைப் பக்கத்துக் கிணற்றையும் மோட்டாரையும் அவர் பெயருக்கு எழுதிக்கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டும், “அண்ணன் கட்டுனத நீங்க வெட்டலாமா மதினி?” என்று கேட்டார். வெட்டுவதற்கு வேறு யாருக்கு உரிமை இருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது தோன்றிற்று.

பிப்ரவரி 3, திங்கட்கிழமை. அதற்குள் தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும். அன்றைக்கு நீங்கள் வர வேண்டாம். நான் தனியாக நின்றுகொள்கிறேன்.

இத்துடன் நமக்குள் எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம் முடிந்தது.

சுபலட்சுமி

---

தாழம்பூ நகர்
09.02.2025

தங்கச்சி சுபலட்சுமிக்கு,

வர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். வரவில்லை. மாடியில் நின்றேன்.

ஒன்பது நாற்பதுக்கு நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கரை மேல் ஏறினீர்கள். அந்த முழங்காலோடு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தீர்கள். நடுவில் ஓரிடத்தில் நின்றீர்கள். அவர் விழுந்து கிடந்த இடம் அதுதான் என்று, முன்பு யாரோ கேட்டபோது ஆடு மேய்க்கிற காளை சொல்லியிருக்கிறார். உங்களுக்கு யார் காட்டினார்களோ தெரியவில்லை. பிறகு இறங்கி வந்து ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். மண் முதல் கொத்திலேயே சரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவர் மிதித்து மிதித்து இறுக்கிய கரை. இரண்டு லாரி அகலத்துக்கு வெட்ட மூன்று மணி நேரம் ஆயிற்று.

நீங்கள் நாலு நாற்பது பஸ்ஸில் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. இருபத்திமூன்று வீட்டுச் சனமும் வாளியும் கூடையுமாகக் கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. சேற்றில் அம்புட்டு மீன். பிள்ளைகள் கழுத்துவரை சேறாகி, அவரவர் தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. செல்வக்குமார் எனக்கு இரண்டு கெண்டை கொண்டுவந்து கொடுத்தார். எனக்குச் செதில் போக மீன் உரசத் தெரியாது. சாதிகாதான் செய்வாள். யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு நானே உரசினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. குழம்பில் புளி கூடிப்போயிற்று. மூன்று வேளை வைத்துச் சாப்பிட்டேன்.

இப்போது காலை ஆறே காலுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. பின்னறை இருந்த இடத்தில் ஓடை மணல் வந்து படிந்திருக்கிறது. அதைத் தாண்டி நின்றால் மலை முழுதாகத் தெரிகிறது. வீட்டுக்குள் திரும்பி வந்து மறுபடி படுத்துக்கொள்கிறேன்.

நமக்குள் எழுத வேண்டிய விஷயம் முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஈரம் பற்றி, கரை பற்றி எனக்கு எழுத ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தில் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டியது எதுவும் கிடையாது.

வருகிற செவ்வாய்க்கிழமை எனக்குப் பசுமலைப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. வரலாமா?

பீர் முகமது